விழுங்கியல் துறையின் செல்ல நோயாளி

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவலையில் சிலருக்கு இறங்காமல் போகுமே, அந்த ரகம் இல்லை. வாயில் போட்ட கவளம் தொண்டையை ஒழுங்காகத் தாண்டும். நெஞ்சுக்கு நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் அதன் தலைமேல் ஏறி உட்காரும். எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, இரண்டு குதி குதித்தால் சில நாள் இறங்கும். சில நாள் வந்த வழியே திரும்பி வரும்.

அவர் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். மேசையில் மைக், ஒரு சின்ன ஃபேன், எந்தத் தடத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்குகள். "வண்டி சற்றுத் தாமதமாகப் புறப்படும், பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். மதியம் கூண்டுக்குள் அவர் கையைத் தூக்கிக் குதிப்பதைப் பார்த்து, வண்டி வந்துவிட்டதாக்கும் என்று மூட்டை முடிச்சோடு ஓடியவர்கள் உண்டு. அவர் சொல்வதை ஒருநாளும் காதில் போட்டுக்கொள்ளாத ஜனம் அவர் குதித்ததை மட்டும் நம்பியது.

வீட்டில் அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். இப்போது அவர் கஞ்சியும் கையுமாக மேசையில் உட்கார்ந்தால், "நான் அப்பவே சாப்பிட்டுட்டேங்க" என்று தையல் மிஷின் பக்கம் போய்விடுகிறாள். பொய். அவர் கை கழுவப் போன பிறகு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, சத்தம் வராமல் மெல்லுவாள். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. உடம்பு இளைத்ததோ, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடுவதோ அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் கேட்கும் அந்த மெல்லும் சத்தம்தான் அவருக்கு ஆகவில்லை. அது நிற்க வேண்டும். அவள் வந்து எதிரே உட்கார வேண்டும். அவர் வைத்தியத்துக்குக் கிளம்பியது இதற்காகத்தான்.

தெருமுனை டாக்டர் முதலில் வாயு என்றார். பிறகு மனசு என்றார். இரண்டுக்கும் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரைகளும் நெஞ்சு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டன. கடைசியில், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க இதுக்குன்னே ஒரு துறை இருக்கு" என்று கையைக் கழுவிவிட்டார்.

இருந்தது. விழுங்கியல் துறை என்று வாசலில் பித்தளை எழுத்து. தொண்டைக்கு ஒரு பிரிவு, நெஞ்சுக்கு ஒரு பிரிவு, இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதி யாருக்குச் சொந்தம் என்று பேசித் தீர்க்க ஒரு பிரிவு. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தை ஒட்டி கேண்டீன். முழுங்க முடியாதவர்கள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் கேக் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேண்டீனை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பிரிவு வைத்திருப்பார்கள்.

துறைத் தலைவர் உயரமானவர். டையில் குட்டிக் குட்டி உணவுக்குழாய்ப் படங்கள் போட்டிருந்தன. புது நோயாளி வந்தால் துறையே திரண்டு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நோயாளி ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். தலைவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். உடனே உதவிப் பேராசிரியர் கண்ணை மூடுவார், மாணவர்கள் மூடுவார்கள், தண்ணீர் ஊற்றிக்கொடுத்த நர்ஸும் மூடிக்கொள்வார். கண்ணை மூட என்ன இருக்கிறது என்று நம் அறிவிப்பாளருக்குப் புரியவில்லை. தான் மட்டும் முழித்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லையே என்று அவரும் மூடிக்கொண்டார்.

"கேக்குதா?" என்றார் தலைவர்.

"கேக்குது சார்" என்றது துறை.

"என்ன கேக்குது?"

மாணவர்கள் மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். "ஒண்ணும் கேக்கல. அதுதான் நோய்" என்றார் தலைவர். எல்லோரும் கண்ணைத் திறந்து எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சுண்ணாம்பு கரைத்ததுபோல் எதையோ குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் வந்ததும் அறைக்குள் ஒரு பரபரப்பு. நெஞ்சுக்குள் உணவுக்குழாய் சுரைக்காய் மாதிரி வீங்கி, கீழே வர வர மெலிந்து, நுனியில் கிளி மூக்காக வளைந்து முடிந்திருந்தது. தலைவர் பக்கத்து அறைக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் மாடிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நிஜம்.

"புத்தகத்துல போட்டிருக்கற படம் கூட இவ்வளவு சுத்தமா இல்ல" என்றார் தலைவர். "மூக்கப் பாருங்க. என்ன ஒரு வளைவு."

"கெட்ட வியாதியா சார்?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"கெட்டதா? இதைவிட நல்லது எங்களுக்குக் கெடைக்காதுய்யா" என்று தலைவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

விஷயத்தை விளக்கியவர் உதவிப் பேராசிரியர். சின்ன வயசு, தூக்கம் போதாத கண், யாரைப் பார்த்தாலும் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு நிற்பு. குழாயின் அடியில் ஒரு தசை இருக்கிறது, சாப்பாடு வந்தால் அது தளர்ந்து வழிவிட வேண்டும், இவருக்குத் தளரவில்லை. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு, கருவியை உள்ளே விட்டு, அந்தத் தசையைக் கீறிவிட்டால் சாப்பாடு தன் கனத்திலேயே இறங்கிவிடும். பழைய மாதிரி ஆகாது, ஆனால் சாப்பிடலாம். நெஞ்செரிச்சல் வரக்கூடும். ஆயிரத்தில் ஒருவருக்குக் குழாய் கிழிந்துபோகவும் கூடும்.

"எப்ப சார் செய்வீங்க?"

உதவிப் பேராசிரியர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரீட்சை முடியட்டும்" என்றார்.

பரீட்சை அறிவிப்பாளருக்கு இல்லை, மாணவர்களுக்கு. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து உட்கார்ந்து, நிஜ நோயாளியை முன்னால் வைத்து, இவருக்கு என்ன நோய் என்று கேட்பார்கள். அதற்கு நல்ல நோயாளி வேண்டும். நல்ல நோயாளி என்றால் நோய் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் கிடைக்காமல் துறை பல வருஷமாகத் தலைகுனிந்து கிடந்ததாம்.

புத்தகத்தில் இருக்கிற மாதிரி என்றால் சும்மாவா. உதவிப் பேராசிரியர் அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"முதல்ல எது இறங்கல? கெட்டியா இருக்கறதா, தண்ணியா?"

"கெட்டிதான் சார். தண்ணி ரொம்ப நாள் நல்லாத்தான் போச்சு."

"அப்படிச் சொல்லக்கூடாது. ரெண்டும் ஒண்ணாத்தான் நின்னுச்சுன்னு சொல்லணும்."

"அப்படி நடக்கலையே சார்."

தலைவர் குறுக்கே வந்தார். "உங்க ஞாபகம் தப்பா இருக்கலாம்ல? புத்தகம் எழுதினவங்க எவ்வளவு பேரைப் பாத்திருப்பாங்க. நீங்க உங்க ஒருத்தரைத்தானே பாத்திருக்கீங்க?"

அதுவும் சரிதானே என்று அறிவிப்பாளருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவருக்குக் கெட்டியும் தண்ணீரும் முதலிலிருந்தே ஒன்றாக நின்றன. வாந்தி வரும்போது புளிப்புத் தெரியக்கூடாது என்றார்கள். தெரியவில்லை என்று சொல்லப் பழகினார். எடை குறைந்திருக்க வேண்டும் என்றார்கள். அது ஒன்றுக்கு மட்டும் பழக்கம் தேவைப்படவில்லை. ஒருநாள் மனைவி கஞ்சியில் வெண்ணெய் போட்டுக் கொடுத்து எடை கொஞ்சம் கூடிவிட்டது. நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா இப்படிப் பண்றீங்க? பாவம், பசங்களுக்கு மார்க் போகும்ல" என்றார். அவர் வெட்கப்பட்டு வெண்ணெயை நிறுத்தச் சொன்னார்.

பரீட்சை அமோகமாக நடந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து நாக்கை நீட்டச் சொன்னார்கள், கழுத்தைத் தடவினார்கள், ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். ரொட்டி நின்றது. அவர் எழுந்து, கையைத் தூக்கி, குதித்தார். வெளியூர்ப் பேராசிரியர்கள் கைதட்டினார்கள். தலைவர் அவர்களுக்குத் தலையைச் சாய்த்து நன்றி சொன்னார், குதித்தது தான்தான் என்பதுபோல.

"இனி ஆபரேஷன் தானே சார்?"

"ஆய்வுக் குழு வருது. அது முடியட்டும்."

ஆய்வுக் குழு முடிந்ததும் மேல்படிப்புப் பரீட்சை. அது முடிந்ததும் ஒரு மாநாடு. பலூனை உள்ளே விட்டு விரித்தால் கொஞ்ச காலமாவது தாங்குமே என்று உதவிப் பேராசிரியர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "மூக்கு கெட்டுப்போயிடும்யா" என்று தலைவர் அதிர்ந்துபோய்விட்டார்.

அறிவிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. தாமதம் என்பது அவர் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதும் அது மைக்கில் ஒலிக்கிற அவர் குரலாகவே பட்டது. பொறுத்துக்கொண்டார். போகப் போக அவருக்குத் துறையில் நாற்காலி போட்டார்கள். வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். கிளிமூக்கு ஐயா வந்துட்டாரு என்று வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டான்.

ஒருநாள் அவர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, ஆபரேஷன் எப்போதுதான் என்று கேட்டேவிட்டார். தலைவர் கோபிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, வகுப்பெடுக்கும் குரலில் பேசினார்.

"பாருங்க. உங்களை நான் நாளைக்கே குணப்படுத்தலாம். ஒரு மணி நேர வேலை. ஒரு ஆளு சாப்பிடுவாரு. அவ்வளவுதான். ஆனா உங்களை இப்படியே வச்சிருந்தா, உங்களைப் பாத்து வருஷா வருஷம் பசங்க கத்துக்கறாங்க. அவங்க போய் ஆயிரக்கணக்கான பேரைக் குணப்படுத்துவாங்க. நீங்க சாப்பிடணும்னு நெனைக்கறது தப்புன்னு நான் சொல்லல. சுயநலம்னுதான் சொல்றேன்."

"அந்த ஆயிரம் பேரு எங்க சார் இருக்காங்க?"

"வருவாங்க."

"அவங்களை மட்டும் எப்படி சார் உடனே குணப்படுத்துவாங்க?"

"அவங்க படம் இவ்வளவு நல்லா இருக்காதுல்ல" என்றார் தலைவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆண்டு விழாவில் அவருக்குச் சிறந்த நோயாளி விருது கொடுத்தார்கள். பரிசாக, சும்மா சொல்லக்கூடாது, நல்ல பீங்கான் தட்டு செட். பெரிய தட்டு, சின்னத் தட்டு, கிண்ணம், கரண்டிகள் எல்லாம் இருந்தன. பிறகு எல்லோருக்கும் விருந்து. மேடையில் அவருக்கென்று ஒரு தனி மேசை போட்டு, விருந்தினர்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும்படி, சாப்பாடு நெஞ்சில் நின்றுபோவதைச் செய்துகாட்டச் சொன்னார்கள்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்த மனைவி, "இது எதுக்கு?" என்றாள்.

"பரிசு."

அவள் பெட்டியைப் பழையபடி மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அன்றும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் சாப்பிட்டாள்.

மனைவியின் நச்சரிப்பில் அவர் மனு ஒன்று போட்டார். அதை விசாரிக்க, குணப்படுத்தலாமா கூடாதா என்று ஆராயும் குழு கூடியது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசினார்கள். உள்ளே பலகாரம் போனது. கடைசியில் தலைவர் வந்து நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்: "அனுமதி கொடுத்தாச்சு. ஒரே நிபந்தனை. உங்களுக்குப் பதிலா ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டுட்டு நீங்க தாராளமா ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"நானா சார் ஆள் புடிக்கணும்?"

"நீங்கதான் பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்க. எவ்வளவு ஜனம் வருது போகுது."

அன்றிலிருந்து அறிவிப்பாளர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஜனங்களின் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்தார். யார் இருமினாலும் மனசுக்குள் ஒரு துள்ளல். விக்கல் எடுத்த கிழவர் ஒருவரை வண்டி ஏறும்வரை பின்தொடர்ந்து போய்த் திட்டு வாங்கினார். அவர் ஒரு நல்ல மனுஷர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். இப்போது எவனுக்காவது நெஞ்சில் சோறு நிற்காதா என்று ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அசிங்கம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததே தவிர, மனசில் ஒட்டவில்லை.

கடைசியில் ஒருவன் கிடைத்தான். மூட்டை தூக்குகிறவன். மதியச் சாப்பாட்டின்போது தூணோரமாக எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, குதித்தான். அறிவிப்பாளர் பாதி அறிவிப்பில் மைக்கை விட்டுவிட்டு ஓடினார். "உனக்கும் நெஞ்சுலயா நிக்குது?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் கழித்து ஒரு துணை கிடைத்த சந்தோஷம் அவருக்கு ஒரு நிமிஷம் வந்தது. பிறகு எதற்காக ஓடி வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

மூட்டைக்காரனுக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்துப் படம் எடுத்தார்கள். தலைவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மூக்கு சப்பையா இருக்கே. இதெல்லாம் பாடத்துக்கு உதவாது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டார்கள். மூட்டைக்காரன் கொஞ்ச நாளில் அதே தூணோரம் உட்கார்ந்து, குதிக்காமல், வேகவைத்த முட்டையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அறிவிப்பாளர் கூண்டுக்குள்ளிருந்து பார்த்தார். பொறாமைகூட வரவில்லை. அன்று எல்லா வண்டிகளும் தாமதம் என்று சொல்லிவிட்டார். நேரத்துக்குப் புறப்பட்ட வண்டிகளைக்கூட.

சாயங்காலம் மூட்டைக்காரன் கூண்டுக் கதவைத் தட்டினான். "அண்ணே, உங்களாலதான் நான் சாப்பிடறேன். ஒரு விஷயம் சொல்லவா? எனக்கு அறுத்தாரே, அந்தச் சின்ன டாக்டர். அவரு சாயங்காலம் மார்க்கெட் பக்கம் ஒரு குட்டி ஆஸ்பத்திரில உக்காருவாரு. அங்க போங்க. அங்க பரீட்சை கிரீட்சை ஒண்ணும் இல்ல."

வீட்டில் இதைச் சொன்னபோது, அறிவிப்பாளரே எதிர்பாராமல், அவர் வாயிலிருந்து சாக்கு வந்தது. "கத்தின்னா சும்மாவா? குழாய் கிழிஞ்சா என்ன பண்றது? ஆயிரத்துல ஒருத்தருக்கு ஆகுமாம்."

மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள்.

"கத்திக்குப் பயந்தா இத்தனை நாளா இருந்தீங்க? அங்க போனா நாற்காலி போடறாங்க. நீங்க வாயத் தொறந்தா வெள்ளக் கோட்டு போட்டவன் அத்தனை பேரும் குனிஞ்சு கேக்கறான். ஸ்டாண்டுல நாள் பூரா கத்தறீங்க, ஒருத்தன் திரும்பிப் பாக்கறானா? அதான் அங்கயே கெடக்கறீங்க."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

"எனக்குத் தனியா சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போனார்.

குட்டி ஆஸ்பத்திரி நிஜமாகவே குட்டி. கீழே மருந்துக் கடை, மேலே சில கட்டில்கள். உதவிப் பேராசிரியர் இவரைப் பார்த்ததும் முதலில் வாசலை எட்டிப் பார்த்தார், துறையிலிருந்து யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று.

"அங்க நான் உதவிப் பேராசிரியர், ஐயா" என்றார். "இங்கதான் டாக்டர்."

"சார், முதல்ல கெட்டிதான் நின்னுச்சு. தண்ணி அப்புறம்தான்."

"தெரியும்" என்றார் அவர். "எனக்கு அன்னைக்கே தெரியும்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. குழாய் கிழியவில்லை. வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு. ஒருநாள் மனைவி பருப்பும் சோறும் பிசைந்து வைத்தாள். அவர் ஒரு கவளம் வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். இறங்கியது. நெஞ்சைத் தாண்டிப் போனதே தெரியவில்லை. அவர் சந்தோஷத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. இன்னொரு கவளம் போட்டார், அதுவும் இறங்கியது. இறங்கியது, அவ்வளவுதான், ஒரு வேலை முடிந்த மாதிரி.

"நீயும் உக்காரேன்."

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்." தான் எதிரே உட்கார்ந்தால் அவருக்கு மறுபடி நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். அவர் கை அலம்பப் போனபோது கதவுக்குப் பின்னால் அதே மெல்லும் சத்தம் கேட்டது. அறுத்தது தசையைத்தானே, பழக்கத்தை இல்லையே.

துறையிலிருந்து பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று அவர் போனார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். துறையே திரண்டது. தலைவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூட, எல்லோரும் மூடினார்கள். அவர் ஒரு மிடறு குடித்தார்.

தலைவர் கண்ணைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கேக்குது" என்றார்.

எழுதப் பேனாவை எடுத்த மாணவர்கள் அதைத் திரும்பப் பையில் செருகினார்கள்.

"யாரு பண்ணினது?"

அறிவிப்பாளர் யாரையும் பார்க்கவில்லை. உதவிப் பேராசிரியர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "வெளியில ஒரு டாக்டர் சார்" என்றார் அறிவிப்பாளர்.

"உங்களுக்கு இந்தத் துறை என்ன கொறை வச்சுது?" தலைவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "நாற்காலி போட்டோம். விருது கொடுத்தோம். எங்க பசங்க உங்களைப் பாத்துப் பாத்து வளர்ந்தாங்க. இப்படி ஒரே நாள்ல எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு வந்து நிக்கறீங்களே. நாளைக்கு நான் எதைக் காட்டி பரீட்சை நடத்துவேன்? உங்களைக் காட்டவா?"

"மன்னிச்சிருங்க சார்" என்றார் அறிவிப்பாளர். தொழில் பழக்கம், தானாக வந்துவிட்டது.

நாற்காலியை எடுத்துவிட்டார்கள். வாட்ச்மேன் கதவைத் திறக்கவில்லை. அவரே தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

கொஞ்ச நாளில் உதவிப் பேராசிரியர் போன் செய்தார். "ஐயா, துறையில ஒரு இரங்கல் கூட்டம். நீங்களும் அம்மாவும் வந்துடுங்க."

"ஐயோ. யாருக்கு சார்?"

"உங்க கேஸுக்கு."

"நான் நல்லா இருக்கேனே."

"அதுக்குத்தான் ஐயா கூட்டமே."

மனைவிதான் போகலாம் என்றாள். "பாத்துட்டு வருவோம். வீட்டுல ஒக்காந்து என்ன கிழிக்கப்போறோம்?"

கூட்டம் பெரிய வகுப்பறையில். முன்னால் விளக்குப் பெட்டியில் அவருடைய எக்ஸ்ரே ஒளிர்ந்தது. மூலையில் கறுப்பு நாடா. துறை மொத்தமும் வந்திருந்தது. வெளியூரிலிருந்து பழைய பரீட்சையாளர்கள்கூட வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எக்ஸ்ரேக்கு முன்னால் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற அறிவிப்பாளர்மேல் மோதி, "ஸாரி" சொல்லிவிட்டுப் போனார். அறிவிப்பாளரும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்திலேயே ஒரு மேசையில் வந்தவர்களுக்கு டீயும் தட்டில் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள்.

"அந்த மாதிரி ஒரு கேஸ் இனிமே வராது" என்று தலைவர் ஆரம்பித்தார். "எத்தனையோ நோயாளிங்க வந்தாங்க, குணமாகிப் போனாங்க. அவங்கள்ல ஒருத்தர் முகமும் எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா இந்த மூக்கை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். மருத்துவம் எவ்வளவு வளர்ந்தாலும், குணமாகறதை நம்மளால முழுசாத் தடுக்க முடியலைங்கறதுதான் நம்ம துறை சந்திக்கற பெரிய சவால்."

மாணவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து உதவிப் பேராசிரியர் எழுந்தார். அந்த கேஸோடு தனக்கு இருந்த நெருக்கத்தைப் பற்றிப் பேசினார். கடைசி நேரத்தில் கேஸ் அமைதியாக இருந்தது, எந்தச் சிக்கலும் இல்லாமல் பிரிந்தது என்று அவர் சொன்னபோது தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன் சார்."

பிறகு ஒரு நிமிட மௌனம் என்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அறிவிப்பாளரும் எழுந்தார், எழாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று. தலைவர் கண்ணை மூட, முன்வரிசை மூட, அலை அலையாகப் பின்வரிசை வரைக்கும் எல்லோர் கண்ணும் மூடிக்கொண்டது. விளக்குப் பெட்டியின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

அவர் மூடவில்லை. தன் நெஞ்சு அங்கே சுவரில் வெள்ளையாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து இத்தனை பேருக்குத் துக்கம் வருகிறதே, தனக்கு ஏதாவது வருகிறதா என்று உள்ளே துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பசிதான் இருந்தது. வெகுநாள் கழித்து வருகிற, சாதாரண, வயிற்றைக் கிள்ளுகிற பசி.

அப்போதுதான் பக்கத்தில் 'கறக்' என்று ஒரு சத்தம். அவர் திரும்பினார். மனைவி மேசையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவர் முகத்தை நேராகப் பார்த்தபடி, வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். கையால் வாயை மறைக்கவில்லை. அவரும் ஒன்று எடுத்தார். நல்ல காய்ந்த பிஸ்கட். இரண்டு பேரும் மென்ற சத்தம் அந்த மௌனத்தில் கல் அரைக்கிற மாதிரி கேட்டது.

தலைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "யாரது?"

உதவிப் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "யாரும் இல்ல சார்" என்றார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பிஸ்கட் இறங்கியது. அறிவிப்பாளருக்குக் கண் கலங்கியது. எதனால் என்று அவர் யோசிக்கவில்லை, கலங்கட்டும் என்று விட்டுவிட்டார். மனைவி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில்.

அவரும் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். மௌனம் இன்னும் முடியவில்லை.